கன எண்ணெய் எப்படி உருவாகிறது? வன்னிக் கிணற்றடிகளில் கேட்ட கேள்விகள்

குழாய்க்கிணறு அடிக்கும் குழுக்களோடு பாறை பார்க்கும் வேலையில் வன்னிக்குள் பல ஆண்டுகளாகச் சுற்றி வருகிறேன். புளியங்குளம், ஒட்டுசுட்டான், மல்லாவி, முழங்காவில் என்று எங்கே துளையிட்டாலும், இயந்திரம் ஓய்ந்து நிற்கும் நேரத்தில் யாராவது அருகில் வந்து நிற்பார்கள். முதற் கேள்வி தண்ணீர் எத்தனை அடியில் வரும் என்பதாக இருக்கும். இரண்டாவது பெரும்பாலும் எண்ணெயைப் பற்றியது. அதிலும் கன எண்ணெய் எனப்படும், தாரைப்போலக் கெட்டியான எண்ணெய் சில நாடுகளில் நிலத்தின் மேலேயே கிடக்கிறதாமே, அது எப்படி வந்தது, இங்கும் வருமா என்று கேட்காதவர்கள் குறைவு. ஒரே பதிலைப் பல வேலியோரங்களில் சொல்லிவிட்டேன். இனி ஓரிடத்தில் எழுதி வைப்பதே நல்லது என்று இதைத் தொகுத்திருக்கிறேன்.

எங்கள் கிணற்றுத் தண்ணீரின் மேல் எண்ணெய் படர்ந்ததுபோல மினுங்குகிறது. கீழே எண்ணெய் இருக்கிறதா?

மாங்குளத்துக்குக் கிழக்கே ஒரு தோட்டக் கிணற்றில் ஓர் அக்கா இதையே காட்டினார். தொட்டியில் இறைத்து வைத்த தண்ணீரின் மேல் வானவில் நிறத்தில் ஒரு மெல்லிய ஆடை. பயந்துபோய் மூன்று மாதமாகக் குடிதண்ணீருக்கு அடுத்த வளவுக்கு நடந்துகொண்டிருந்தார். தென்னோலை ஈர்க்கு ஒன்றை எடுத்து அந்த ஆடையைக் குத்தி இழுத்தேன். அது கண்ணாடி உடைந்ததுபோல மூலை மூலையாகப் பிளந்தது. பிளந்த துண்டுகள் விலகியே கிடந்தன, ஒன்றுசேரவில்லை. எண்ணெயாக இருந்திருந்தால் ஈர்க்கை எடுத்த மறுகணமே சுழித்து ஓடி மூடிக்கொண்டிருக்கும்.

அது இரும்பு. நிலத்தடி நீரில் கரைந்திருக்கும் இரும்பு, காற்றைக் கண்டதும் பற்றீரியாக்களின் உதவியோடு இப்படிப் படலமாகிறது. தொட்டியின் ஓரத்தில் செம்பழுப்பு நிறச் சேறு படிந்திருந்தால் சந்தேகமே வேண்டாம். உங்கள் கிணற்றிலும் முதலில் ஈர்க்கால் குத்திப் பாருங்கள். மண்ணெண்ணெய் மணம் வந்தால் மட்டும் அது வேறு கதை. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

பெற்றோலியம் முதலில் எதிலிருந்துதான் உண்டாகிறது?

டைனோசர்களிலிருந்து அல்ல. கடலிலும் ஏரியிலும் மிதக்கும், கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்களும் பாசிகளும் செத்து அடியில் விழுகின்றன. அங்கே ஒட்சிசன் குறைவாக இருந்தால் அவை முழுவதும் அழுகிப் போகாமல் சேற்றோடு சேறாக மூடப்படுகின்றன. ஆடி, ஆவணியில் குளம் வற்றும்போது நடுக்குளத்துச் சேற்றைக் காலால் கிளறிப் பார்த்தவர்களுக்கு அந்தக் கறுப்பும் நாற்றமும் தெரியும். அதுபோன்ற சேறு கிலோமீற்றர்க் கணக்கில் மண் மேல் மண்ணாக மூடப்பட்டால், இறுகிக் களிப்பாறையாகிறது. அதற்குள் இருக்கும் உயிர்ப்பொருள் கெரோஜன் என்ற திண்மமாக மாறுகிறது.

கெரோஜன் எண்ணெயாக மாற வெப்பம் வேண்டும். ஏறக்குறைய 60 முதல் 150 பாகை செல்சியஸ் வரை எண்ணெய் உண்டாகும் எல்லை. மண்படிவு தடித்துச் சேர்ந்த பள்ளங்களான பல படுகைகளில் இது 2 முதல் 4 கிலோமீற்றர் ஆழத்தில் அமைகிறது. அதற்கு மேலும் சூடேறினால் எரிவாயுதான் மிஞ்சும்.

உண்டான இடத்திலேயே கிடக்காமல் எண்ணெய் ஏன் நகர்கிறது?

புவியியல் நூல்களில் இதற்கு 'இடம்பெயர்வு' என்ற சொல் உண்டு. இந்த மண்ணில் அந்தச் சொல்லுக்கு வேறொரு பாரம் இருக்கிறது. எனவே 'நகர்வு' என்றே எழுதுகிறேன்.

திண்மம் திரவமாகும்போது பாறைக்குள் அழுத்தம் கூடுகிறது. அந்த அழுத்தம் நுண்ணிய வெடிப்புகள் வழியே எண்ணெயைக் களிப்பாறையிலிருந்து பிதுக்கி வெளியே தள்ளுகிறது. வெளியே மணற்கல் இருந்தால் அதன் துளைகளில் தண்ணீர் ஏற்கெனவே நிரம்பியிருக்கும். எண்ணெய் தண்ணீரைவிட இலேசு, எனவே மேல்நோக்கி ஏறத் தொடங்குகிறது. ஒரு ஜாம் போத்தலில் இரண்டு விரல் உயரத்துக்கு நல்லெண்ணெய் ஊற்றி, பருமணலைப் போட்டு, மெல்லத் தண்ணீர் விட்டுப் பாருங்கள். எண்ணெய் சொட்டுச் சொட்டாக மணலைக் கடந்து மேலே வரும். கொஞ்சம் மணலில் ஒட்டிக்கொண்டே நிற்கும். பூமிக்குள்ளும் அப்படியே. போகும் வழியெல்லாம் ஒரு பங்கைச் சிந்திக்கொண்டுதான் எண்ணெய் போகிறது.

வழியில் நீர் புகாத களியோ உப்புப் பாறையோ கவிழ்த்த சட்டிபோலக் குறுக்கே இருந்தால் எண்ணெய் அங்கே தேங்கும். அந்த மூடி இல்லாவிட்டால், அல்லது பிறகு வெடித்துவிட்டால், பயணம் தொடரும். படுகையின் ஆழமான நடுப்பகுதியிலிருந்து சரிவாக ஏறி ஏறி, அதன் விளிம்பை நோக்கி வரும். கன எண்ணெயின் கதை இந்த விளிம்பில்தான் நடக்கிறது.

'கன எண்ணெய்' என்றால் தண்ணீரில் மூழ்கிவிடுமா?

பெரும்பாலும் மூழ்காது. எண்ணெயின் அடர்த்தியை ஏபிஐ என்ற அளவில் சொல்வார்கள். அது தலைகீழ் அளவு: எண் குறையக் குறைய எண்ணெய் கனமானது. 10 என்றால் தண்ணீரின் அடர்த்தி. 22.3க்குக் கீழே இருந்தால் கன எண்ணெய், 10க்கும் கீழே போனால் மிகைக் கன எண்ணெய்.

நம் வீட்டுத் தேங்காய் எண்ணெயின் அடர்த்தி தண்ணீரோடு ஒப்பிட ஏறக்குறைய 0.92. இதை ஏபிஐ அளவில் கணக்கிட்டால் சரியாக 22 அளவில் வந்து நிற்கிறது. அதாவது கன எண்ணெயின் எல்லைக்கோட்டில் இருப்பது தேங்காய் எண்ணெயின் அடர்த்திதான். ஆனால் தேங்காய் எண்ணெய் ஓடும். கன எண்ணெய் தேனாகவோ பாகாகவோ நகரும், சில நகரவே நகராது. அடர்த்தி ஒன்று, ஓட மறுக்கும் தன்மையான பிசுக்குமை வேறொன்று. எண்ணெய் எடுப்பவர்களை வாட்டுவது இரண்டாவதுதான்.

அது பிறக்கும்போதே கனமாகப் பிறக்கிறதா, அல்லது வழியில் கனமாகிறதா?

மிகப் பெரும்பாலும் வழியில், அல்லது வழி முடிந்த இடத்தில். நான் கேட்ட கேள்விகளிலேயே முக்கியமானது இதுதான். கீழே ஆழத்தில் ஏதோ தனியான கறுப்புக் குழம்பு ஊறுகிறது என்றுதான் பலர் நினைத்திருக்கிறார்கள். அப்படியில்லை. ஒரு காலத்தில் சாதாரண எண்ணெயாக நகரத் தொடங்கியதே, தன் இலேசான பகுதியை இழந்து, மிச்சமாக நிற்கிறது. கருப்பநீரைக் காய்ச்சிப் பனங்கட்டி ஆக்கும்போது யாரும் அதற்குள் கெட்டியான பொருள் எதையும் சேர்ப்பதில்லை. போனது போக நின்றதுதான் கட்டி.

ஆனால் இங்கே போக்குவது அடுப்பல்ல, பற்றீரியா. ஆட்டுக்குக் குழை கட்டிவிட்டுச் சிறிது நேரம் நின்று பாருங்கள். முதலில் இளந்தளிர், பிறகு முற்றல் இலை, கடைசியில் தடியும் ஈர்க்கும் மட்டும் கயிற்றில் தொங்கும். பற்றீரியாவும் அப்படித்தான். காபன் அணுக்கள் நேரான சங்கிலியாக அமைந்த அல்கேன்களை முதலில் தின்னும். அவை தீர்ந்ததும் கிளைவிட்ட சங்கிலிகள், அதன்பின் வளையங்கள். பெரிய, சிக்கலான மூலக்கூறுகளான பிசின்களையும் அஸ்பால்ட்டீன்களையும் ஏறக்குறையத் தொடாமல் விட்டுவிடும். கந்தகம், நிக்கல், வனேடியம் எல்லாம் இந்த மிச்சத்தோடு ஒட்டியிருப்பதால் அவற்றின் விகிதமும் ஏறுகிறது. எண்ணெயின் அமிலத்தன்மையும் கூடுகிறது.

எந்தச் சங்கிலி எவ்வளவு தின்னப்பட்டிருக்கிறது என்று ஆய்வுகூடத்தில் பார்த்தே, ஓர் எண்ணெய் எவ்வளவு சிதைந்தது என்று 0 முதல் 10 வரை தரமிடுகிறார்கள். கயிற்றில் மிஞ்சிய தடியைப் பார்த்து ஆடு எவ்வளவு நேரம் நின்றது என்று சொல்வதுபோல.

பாறைக்குள் காற்றே இல்லையே, பற்றீரியா எப்படி உயிர்வாழும்?

நெடுங்காலமாக அறிஞர்களும் இதையே கேட்டார்கள். மேலிருந்து மழைநீர் ஒட்சிசனைக் கொண்டுபோனால்தான் இது நடக்கும் என்று நம்பினார்கள். 2000களுக்குப் பிறகு அந்த எண்ணம் மாறியது. ஒட்சிசன் இல்லாமலே வாழும் நுண்ணுயிர்கள் கூட்டாக வேலை செய்து, எண்ணெயைத் தின்று, மெதேன் வாயுவாக வெளிவிடுகின்றன என்பது தெளிவானது. கன எண்ணெய் வயல்களின் மேல் பல இடங்களில் மெதேன் காணப்படுவதற்கு இது ஒரு காரணம்.

அவற்றுக்குத் தண்ணீர் வேண்டும், பொஸ்பரசு போன்ற சிறு ஊட்டங்கள் வேண்டும், தாங்கக்கூடிய வெப்பநிலை வேண்டும். எனவே எண்ணெயும் நீரும் தொட்டுக்கொள்ளும் அடிப்பரப்பில்தான் அவற்றின் வேலை மும்முரமாக நடக்கும். ஏறக்குறைய 80 பாகைக்கு மேல் அவை நிலைப்பதில்லை. ஆழத்தில் சூடாகக் கிடக்கும் வரை எண்ணெய்க்கு ஆபத்தில்லை; விளிம்பை நோக்கி ஏறி, குளிர்ந்த பாறைக்கு வந்ததும் பற்றீரியாக்கள் அதைத் தின்னத் தொடங்குகின்றன. இதற்குப் பல இலட்சம் ஆண்டுகள் முதல் பல மில்லியன் ஆண்டுகள் வரை பிடிக்கும்.

பற்றீரியா மட்டும்தான் காரணமா?

முதற் காரணம் அது. துணைக்காரணங்கள் உண்டு. நிலத்தடி நீர் எண்ணெயை உரசி ஓடும்போது பென்சீன், தொலுயீன் போன்ற எளிதில் கரைவனவற்றைக் கழுவிக்கொண்டு போகிறது. மூடிப்பாறையில் கசிவிருந்தால் வாயுவும் இலேசான பகுதியும் மேலே தப்பிவிடும். எண்ணெய் தரையையே எட்டிவிட்டால் வெயிலும் காற்றும் மிச்சத்தையும் உறிஞ்சிவிடும்.

இலேசான பகுதி எவ்வளவு விரைவில் பறக்கும் என்பதை வன்னியில் நடுவயதைத் தாண்டியவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. போர்க்காலப் பொருளாதாரத் தடையின்போது மோட்டார் சைக்கிள்கள் மண்ணெண்ணெயில்தான் ஓடின. ஆனால் குளிர்ந்த இயந்திரத்தை மண்ணெண்ணெய் கிளப்பாது. சிறு போத்தலில் பொத்திப் பொத்தி வைத்த பெற்றோலில் நாலு துளி விட்டு உதைத்துக் கிளப்பி, சூடேறிய பிறகு மண்ணெண்ணெய்க்கு மாற்றினோம். அந்தப் போத்தலின் மூடி சற்றுத் தளர்ந்திருந்தால் மறுநாள் பெற்றோல் குறைந்திருக்கும். மண்ணெண்ணெய்க் கலன் திறந்து கிடந்தாலும் அவ்வளவு விரைவில் குறையாது. இரண்டும் ஒரே கச்சா எண்ணெயிலிருந்து பிரிந்தவைதான்.

உலகத்தில் இது அதிகமாக எங்கே இருக்கிறது?

கனடாவின் அல்பேர்ட்டா மாகாணத்தில் அத்தபாஸ்கா, வெனிசுலாவில் ஒரினோக்கோ பட்டி. இரண்டின் அமைப்பும் ஒன்றே. ஒரு பக்கம் மலைத்தொடர் எழுந்தது. அதன் பாரத்தில் அருகிலிருந்த படுகை அமிழ்ந்து ஆழமானது. ஆழத்தில் உண்டான எண்ணெய் மறுபக்கச் சரிவில் நூற்றுக்கணக்கான கிலோமீற்றர் ஏறி, விளிம்பிலிருந்த ஆழங்குறைந்த மணல்களில் பரவி நின்றது. அங்கே பற்றீரியாக்கள் தின்றன. ஒரினோக்கோவில் தொழில்நுட்ப ரீதியாக எடுக்கக்கூடியது 513 பில்லியன் பீப்பாய் என்று அமெரிக்கப் புவியியல் ஆய்வகம் 2009இல் மதிப்பிட்டது. இது தின்னப்பட்டது போக மிஞ்சியது என்பதை நினைத்தால், முதலில் நகர்ந்து வந்தது எவ்வளவாக இருந்திருக்கும்!

அத்தபாஸ்கா ஆற்றங்கரையில் மணலிலிருந்து கறுப்பாகக் கசிவதை அந்நாட்டுப் பழங்குடி மக்கள் மரப்பிசினோடு கலந்து தோணியின் பொருத்துகளை அடைத்தார்கள். ட்ரினிடாட் தீவில் ஏறக்குறைய 40 ஹெக்டேயர் பரப்பில் தார் ஏரியே இருக்கிறது. அதன் மேல் ஆட்கள் நடக்கிறார்கள்.

மூடியே இல்லாமல் விளிம்புக்கு வந்தால் எல்லாம் வழிந்து ஓடிவிடாதா? எப்படி அவ்வளவு தேங்கி நிற்கிறது?

நல்ல கேள்வி. ஒட்டுசுட்டானில் உயர்தரம் படிக்கும் ஒரு தங்கை கேட்டார். முன்னே வந்த எண்ணெய் கனமாகிக் கனமாகி, நகர முடியாத நிலைக்கு வரும்போது அதுவே மணலின் துளைகளை அடைத்துவிடுகிறது. பின்னே வருவதற்கு அது மூடியாகிறது. களிப்பாறை மூடி இல்லாத இடத்தில் எண்ணெய் தானே தனக்கு அணை கட்டிக்கொள்கிறது.

அப்படியானால் ஆழம் குறைந்த எண்ணெய் எல்லாம் கனமானது, ஆழமானது எல்லாம் இலேசானது என்று சொல்லலாமா?

சொல்ல முடியாது. ஒரு பாறை முதலில் ஆழத்தில் 80, 90 பாகைக்கு மேல் சூடேறி, பிறகு நிலம் உயர்ந்து மேலே வந்திருக்கலாம். அந்தச் சூட்டில் உள்ளே இருந்த நுண்ணுயிர்கள் அழிந்துவிடும். பிறகு அது குளிர்ந்தாலும், அதில் வந்து சேரும் எண்ணெய் பெரும்பாலும் கெடாமல் இருக்கும். பாலைக் காய்ச்சி மூடி வைத்தால் புளிக்காமல் இருப்பதுபோல. எனவே இன்றைய வெப்பநிலையை மட்டும் பார்த்துத் தீர்ப்புச் சொல்லக்கூடாது. பாறை கடந்து வந்த வெப்பமும் தெரிய வேண்டும்.

மறுபுறம், ஆழத்திலும் கனமான எண்ணெய் உண்டு. கந்தகம் மிகுந்த கெரோஜன் குறைந்த சூட்டிலேயே எண்ணெயை விட்டுவிடும்; அது பிறப்பிலேயே கனமானது. கலிபோர்னியாவின் மொன்ரரே பாறைகள் இதற்கு நன்கு அறியப்பட்ட உதாரணம். முன்பு 'மிகப் பெரும்பாலும்' என்று நான் எழுதியதன் காரணம் இதுதான். இன்னொன்று: தேங்கிய எண்ணெய்க்குள் பிறகு வாயு வந்து கரைந்தால் அஸ்பால்ட்டீன் திரிந்து அடியில் தார்ப் பாயாகப் படியும். அப்போது ஒரே தேக்கத்தில் மேலே இலேசான எண்ணெயும் கீழே தாரும் இருக்கும்.

ராஜஸ்தானில் எடுக்கும் எண்ணெய் குழாய்க்குள்ளேயே உறைந்துவிடுமாமே, அதுவும் கன எண்ணெயா?

இல்லை. பார்மர் பகுதியின் மங்களா வயல் எண்ணெய் மெழுகு மிகுந்தது. அதனால்தான் குழாயைச் சூடாக்கி அனுப்புகிறார்கள். மெழுகு என்பது நேரான நீண்ட அல்கேன், அதாவது ஆடு முதலில் தின்னும் தளிர். அது இவ்வளவு மிஞ்சியிருப்பதே அந்த எண்ணெயைப் பற்றீரியா பெரிதாகத் தொடவில்லை என்பதற்குச் சாட்சி. இந்தியாவில் உண்மையான கன எண்ணெய்க்குக் குஜராத்தின் மெஹ்சானா பகுதியைச் சொல்லலாம். பலோல், சாந்தல் வயல்களில் நிலத்தடியிலேயே ஒரு பகுதியை எரித்து, அந்தச் சூட்டில் மிச்சத்தை இளக்கி எடுக்கிறார்கள்.

ஏ9 வீதிக்கு ஊற்றிய தாரும் இதுவும் ஒன்றா?

ஒரே வகைப் பொருள், வந்த வழி வேறு. வீதித் தார் சுத்திகரிப்பு நிலையத்தில் கச்சா எண்ணெயைச் சூடாக்கி இலேசானவற்றைப் பிரித்தபின் அடியில் நிற்பது. அங்கே சில மணிநேரத்தில் அடுப்பு செய்வதை இங்கே பற்றீரியா யுகக்கணக்கில் செய்கிறது.

வன்னி நிலத்துக்கு நேர் கீழே எண்ணெய் இருக்க முடியுமா?

வவுனியா, மாங்குளம், நெடுங்கேணி என்று வன்னியின் பெரும்பகுதிக்குக் கீழே இருப்பது பழைய பளிங்குருப் பாறை. புவியியலாளர்கள் அதற்கு வைத்த பெயரே 'வன்னித் தொகுதி'. உலக நூல்களிலும் இந்தப் பெயர்தான். நம் மண்ணின் பெயரைச் சுமந்திருக்கும் அந்தப் பாறை ஏறக்குறைய 55 கோடி ஆண்டுகளுக்கு முன் 700 பாகைக்கும் மேலான சூட்டில் வெந்து உருமாறியது. 150 பாகையிலேயே எண்ணெயின் கதை முடிந்துவிடும் என்று மேலே பார்த்தோம். எனவே அந்தப் பாறைக்குள் துளையிட்டு எண்ணெய் தேடுவதில் பயனில்லை. எண்ணெய் இருக்கிறது என்று சொல்லி யாராவது உங்கள் காணிக்கு விலை கூட்டவோ குறைக்கவோ வந்தால், கல்லின் ஒரு துண்டை எடுத்துக் காட்டுங்கள். மின்னும் வரிகளோடு இறுகிய கருங்கல்லாக இருந்தால் பேச்சு அங்கேயே முடிந்தது.

வடக்கு, மேற்குக் கரையோரம் வேறு. அங்கே மேலே சுண்ணாம்புக்கல், அதன் கீழ் மன்னார்ப் பக்கமாகத் தடித்துக்கொண்டு போகும் படிவுப் பாறைகள்.

மன்னார்க் கடலில் எரிவாயு கண்டார்களே. நீங்கள் சொல்லும் கணக்கின்படி விளிம்பான நம் கரையில் கன எண்ணெய் இருக்க வேண்டும் அல்லவா?

இதுவரை எழுதியதை ஊன்றிப் படித்தவர்தான் இப்படிக் கேட்க முடியும். 2011இல் மன்னார்ப் படுகையில் டொராடோ, பராகூடா என்ற இரண்டு கிணறுகளில் எரிவாயு கண்டது உண்மை. 1,300 மீற்றருக்கு மேல் ஆழமான கடல் அது. அங்கே எண்ணெயையும் வாயுவையும் உண்டாக்கும் மூலப்பாறை இருக்கிறது, அது வெந்திருக்கிறது என்பதற்கு அது சான்று. நம் கரை அந்தப் படுகையின் விளிம்பு என்பதும் சரி.

ஆனால் விளிம்பாக இருப்பது மட்டும் போதாது. எரிவாயு வந்திருக்கிறது என்பதால் எண்ணெயும் பெருமளவில் வந்தது என்றாகாது. வந்திருந்தாலும், கடலடியிலிருந்து கரை வரை அறுபடாத மணற்கல் பாதை வேண்டும். பிளவுகளும் களித்திட்டுகளும் அந்தப் பாதையை எங்கும் வெட்டலாம். வழியில் சிந்துவதும் உண்டு. ஒரினோக்கோவுக்கு அவ்வளவு எண்ணெய் வந்ததால்தான் சிந்தியது போகவும் மிஞ்சியது. மன்னார்த் தீவின் பேசாலையில் 1970களில் சோவியத் உதவியோடு துளையிட்டுப் பார்த்தார்கள். வணிக ரீதியில் எடுக்கக்கூடிய எண்ணெய் கிடைக்கவில்லை. எனக்கும் ஆசை உண்டு. ஆனால் விளிம்பு வரைபடம் ஒன்றை வைத்துக்கொண்டு ஊர்ச்சனத்துக்கு நம்பிக்கை கொடுக்க எனக்கு மனமில்லை.

எங்கள் கிணற்றில் உண்மையிலேயே மண்ணெண்ணெய் மணக்கிறது. ஈர்க்கால் குத்தினாலும் மூடிக்கொள்கிறது. இப்போது என்ன செய்ய?

முதலில், குடிப்பதையும் சமைப்பதையும் நிறுத்துங்கள். இயற்கையாக ஊறிய எண்ணெய் என்றால் முன்னே சொன்னபடி இலேசான பகுதியை இழந்து, தார் மணத்தோடு கறுப்பாகத்தான் இருக்கும். பளிச்சென்ற மண்ணெண்ணெய் மணம் வந்தால் அது கடையில் வாங்கிய எண்ணெய். கிணற்றுக் கட்டில் வைத்து இயக்கும் நீர்ப்பம்பு, அதற்கு எண்ணெய் ஊற்றும்போது சிந்துவது, பக்கத்தில் புதைந்த பழைய கலன் என்று தேடுங்கள். யாழ்ப்பாணத்துச் சுன்னாகத்தில் கிணறுகளில் எண்ணெய் கலந்த வழக்கு 2019இல் உயர் நீதிமன்றம் இழப்பீடு விதித்துத் தீர்ப்பளிக்கும் வரை போனது. அதுவும் மனிதர் விட்ட எண்ணெய்தான்.

பரிசோதனைக்கு மாதிரி எடுக்கும்போது பிளாஸ்டிக் போத்தல் வேண்டாம். எண்ணெய் அதில் ஊறிவிடும். சோடாப் போத்தல்போன்ற கண்ணாடிப் போத்தலைக் கழுவிக் காயவைத்து, காற்றுக்கு இடமில்லாமல் வாய்வரை நிரப்பி, இறுக மூடி, ஈரச்சாக்கில் சுற்றி நிழலில் வையுங்கள். இரண்டு நாளைக்குள் கொண்டுபோய்க் கொடுங்கள். தாமதித்தால் போத்தலுக்குள்ளேயே இலேசானது பறக்கத் தொடங்கும், பற்றீரியாவும் வேலையைத் தொடங்கிவிடும். கிணற்றின் ஆழம், பம்பு நிற்கும் தூரம், மணம் முதலில் தெரிந்த நாள் ஆகிய மூன்றையும் ஒரு துண்டில் எழுதிப் போத்தலில் ஒட்டிவிடுங்கள்.